கொல்கத்தாவில் பெரிய நாள்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊர்ப் பயணம் என்றே பொருள். ஆண்டு முழுதும் சேர்த்து வைத்த லீவும், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும், வண்டியில் இடமும் ஒன்றுகூடும் நாளை எதிர்பார்த்திருந்து, பெட்டிகளும் பைகளுமாகத் தெற்கு நோக்கிப் புறப்படுவதே நம்மவர் வழக்கம். வாழும் ஊரையும் அதனை அடுத்த பெருநகரையும் அமைதியாகச் சுற்றிப் பார்ப்பதற்கு நம்மில் பலருக்கு நாள் வாய்ப்பதில்லை. கரக்பூரில் இரண்டு தலைமுறையாக இருந்து வரும் எங்கள் குடும்பமும் இதற்கு விலக்கன்று. ஏறத்தாழ 115 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொல்கத்தா, அலுவலகக் கோப்புகளோடு காலையில் சென்று மாலையில் திரும்பும் ஊராகவும், உடல்நலம் குன்றினால் பெரிய மருத்துவரை நாடிச் செல்லும் ஊராகவுமே எங்களுக்கு இருந்து வந்தது.

2024 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இவ்வழக்கம் மாறிற்று. ஆஸ்திரேலிய நாட்டு நண்பர்களோடு கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கொல்கத்தாவில் கழிக்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. அந்த நான்கு நாட்களில் கண்டதும் கேட்டதும், அவற்றின் பயனாக எங்கள் இல்லத்தில் நீண்ட நாள் தீராதிருந்த ஒரு சிக்கல் தீர்ந்ததும், நம் சங்கத்து அன்பர்களுக்கும் உதவக்கூடும் என்று கருதி எழுதுகிறோம்.

நண்பர்கள் வந்த வழி

எழுத்தர் வேலையில் இருப்பவருக்கு வெளிநாட்டு நண்பர்கள் எங்கிருந்து வந்தனர் என்று அன்பர்கள் வியக்கலாம். அவர்களை எங்களிடம் கொண்டு வந்து சேர்த்ததும் ரயில்வேதான்.

2022 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், தலை நரைத்த பெரியவர் ஒருவர் தம் மனைவியாரோடு எங்கள் அலுவலக வாயிலில் வந்து நின்றார். கையில் மங்கிப் போன ஒரு நிழற்படம். அதில் ஓட்டுக் கூரையிட்ட குவார்ட்டர்ஸ் ஒன்றின் முன்னே, கால்சட்டையணிந்த சிறுவன் ஒருவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். "இந்தச் சிறுவன் நானே. இந்த வீடு இன்னும் இருக்கிறதா என்று அறிய வேண்டும்" என்றார் அவர். அவர் தந்தையார் நீராவி எஞ்சின் ஓட்டியவர், பாட்டனாரும் அவ்வாறே. 1887 இல் தோன்றிய பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் தொடங்கி, 1955 இல் அமைந்த தென்கிழக்கு ரயில்வே வரை அக்குடும்பத்தின் உப்பும் சோறும் தண்டவாளத்திலிருந்தே வந்தன. அவர்கள் ஆங்கிலோ இந்தியர்கள். 1967 இல், இவர் ஒன்பது வயதுச் சிறுவனாக இருக்கையில், பெற்றோர் பம்பாயில் கப்பலேறி ஆஸ்திரேலியா சென்று குடியேறினர்.

ரயில்வேயோடு இரண்டறக் கலந்திருந்த அச்சமூகத்தார் ஏன் இவ்வாறு பெயர்ந்து சென்றனர் என்பதை ரயில்வே குடும்பங்கள் அறிந்திருப்பது நன்று. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 336 ஆம் பிரிவு, ரயில்வே, சுங்கம், அஞ்சல், தந்தி ஆகிய துறைகளில் அவர்களுக்கு முன்பு இருந்து வந்த தனி ஒதுக்கீட்டை, ஈராண்டுக்கொரு முறை பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பத்தாண்டு முடிவில் நிறுத்திவிடுமாறு வகுத்தது. 1960 இல் அந்தச் சலுகை முற்றும் மறைந்தது. தந்தைக்குப் பின் மகன் என்று எஞ்சினில் ஏறி வந்தவர்கள், அடுத்த தலைமுறையின் வேலை என்னவாகும் என்று கலங்கினர். ஆங்கிலம் பேசும் நாடுகள் அவர்களை ஈர்த்தன. 1966 இல் ஆஸ்திரேலியா தன் குடியேற்றக் கட்டுப்பாட்டைச் சற்றுத் தளர்த்தியதும் பலருக்கு வழி திறந்தது. கரக்பூரில் அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளிலே ஆந்திரரும் தமிழரும் வங்காளியரும் குடிபுகுந்தனர். எங்கள் தந்தையார் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாகப் பெற்ற குவார்ட்டர்ஸும் அத்தகையதே. அவர் பணியிலிருக்கும்போதே காலமாக, பத்தாம் வகுப்புத் தேறியிருந்த எங்களுக்குக் கருணை அடிப்படையில் அதே அலுவலகத்தில் இடம் கிடைத்தது.

பெரியவரின் நிழற்படத்தை எடுத்துக்கொண்டு மதிய உணவு வேளையில் குடியிருப்பெங்கும் அலைந்தோம். முன்புறத்து வேப்ப மரத்தையும், வளைந்த படிக்கட்டையும் கொண்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். தெலுங்குக் குடும்பம் ஒன்று அங்கே இருந்தது. வீட்டு அம்மையார் யாதென்று முழுதும் கேளாமலே நாற்காலி எடுத்துப் போட்டுத் தேநீர் தந்தார். பெரியவர் பின்கட்டில் கால் மணி நேரம் நின்றார்; ஒன்றும் பேசவில்லை. அன்று தொடங்கிய நட்பு கடிதமாகவும் தொலைபேசியாகவும் வளர்ந்தது. எங்கள் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றழைக்க, அவர் அச்சொல்லைத் தம் கடிதங்களில் ஆங்கில எழுத்தில் கையொப்பமாகவே இடத் தொடங்கினார்.

அழைப்பும் தயக்கமும்

"இவ்வாண்டு கிறிஸ்துமஸுக்குப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வருகிறோம். கொல்கத்தாவில் இரண்டு வாரத்துக்கு ஒரு வீடு அமர்த்தியிருக்கிறோம். நீங்கள் ஐவரும் வந்து எங்களோடு தங்க வேண்டும்" என்று 2024 அக்டோபரில் எழுதினார்.

பிள்ளைகள் துள்ளிக் குதித்தனர். எங்கள் அன்னையார் மட்டும் தயங்கினார். அவருக்கு வயது 68, சைவ உணவினர், பிறர் வீட்டு அடுப்பில் சமைத்ததை உண்டு பழகாதவர். இத்தயக்கத்துக்கு உள்ளே மற்றொரு காரணமும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையில் உள்ள சிற்றூரில், தந்தையாரின் பூர்விக வீடு பதினோர் ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. கூரையிலே மரநாய் குடியேறிவிட்டது. கதவு நிலையைக் கரையான் அரித்துவிட்டது. சித்தப்பா அதனை விற்றுவிடலாம் என்று இரண்டாண்டுகளாகக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். அன்னையாரின் கையொப்பம் இல்லாமல் பத்திரம் முடியாது. அவரோ, "வீடு இருக்கிறவரைதான் நமக்கு ஊர் இருக்கிறது. அதையும் விற்றுவிட்டால், எந்த ஊர் என்று எவரேனும் கேட்டால் என்ன சொல்வது?" என்று மறுத்து வந்தார். தை பிறப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சித்தப்பா இறுதியாக எழுதியிருந்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போய் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பதே அன்னையாரின் விருப்பம். அத்தனை குறுகிய காலத்தில் ஐவருக்கும் வண்டியில் இடம் கிடைக்கவில்லை. "சரி, அந்தத் தம்பி இத்தனை தொலைவு கடந்து வந்து கூப்பிடும்போது போகாமல் இருப்பது மரியாதையன்று" என்று இறுதியில் இசைந்தார்.

ஆற்றுக்கு அடியில்

டிசம்பர் 23 ஆம் நாள் விடியற்காலை லோக்கல் வண்டியில் புறப்பட்டோம். கரக்பூர் நடைமேடை 1,072 மீட்டர் நீளமுடையது. ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்தது. 2013 இல் கோரக்பூரும், 2023 இல் 1,507 மீட்டர் நீளத்தோடு ஹூப்ளியும் அப்பெயரைத் தட்டிச் சென்றன. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதிலே சிறிது மனக்குறைதான்.

ஹவுராவில் இறங்கியதும் பிள்ளைகளின் வேண்டுகோளுக்கு இணங்கி மெட்ரோவில் ஏறினோம். 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட இப்பாதை ஹூக்ளி ஆற்றின் அடியே செல்கிறது. ஆற்றின் கீழுள்ள பகுதி 520 மீட்டர். அதனைக் கடக்க 45 விநாடியே ஆகும். அன்னையார் கண்ணை மூடிக்கொண்டு கந்தனை நினைத்துக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது அக்கரை வந்திருந்தது. "இவ்வளவுதானா?" என்று கேட்டதில் சற்று ஏமாற்றமே தொனித்தது. திரும்பும்போது 1943 இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தின் மேலே நடந்தே வர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

நண்பர்கள் அமர்த்தியிருந்த வீடு ரிப்பன் தெருவில் இருந்தது. அதனையும் எலியட் சாலையையும் சுற்றியுள்ள பகுதி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் பகுதி. பச்சைப் பலகைச் சன்னல்களும், உயர்ந்த கூரையும், மாடிப்படியில் இரும்புக் கைப்பிடியும் கொண்ட பழைய கட்டடம். மார்கழி மாதம் அன்றோ? மறுநாள் விடியலில் அன்னையார் எழுந்து, தாம் கொண்டு வந்திருந்த அரிசி மாவினால் அந்த வீட்டு வாயிலிலே கோலமிட்டார். பதினொரு வயதுப் பேத்தி படியில் அமர்ந்து, புள்ளிகள் எவ்வாறு கோடாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்று இமை கொட்டாது பார்த்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டு வங்காளி அம்மையார் இறங்கி வந்து, தம் வீட்டில் இடும் ஆல்பனாவோடு ஒப்பிட்டுப் பேசினார். இருவர் மொழியும் இருவர்க்கும் அரைகுறையாகவே விளங்கின. எனினும் பேச்சு நீண்டது.

ஒரே அச்சு

அன்று பிற்பகல் அடுக்களையில் நிகழ்ந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். பெரியவரின் மனைவியார் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர். எனினும் மாமியாரிடம் கற்ற கிறிஸ்துமஸ் பலகாரங்களைக் கைவிடாதவர். கடலுக்கு அப்பாலிருந்து ஒரு துணிப்பையில் பொதிந்து கொண்டு வந்திருந்த பொருளொன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். நீண்ட கம்பியின் முனையில் பூவடிவாக அமைந்த இரும்பு அச்சு. "ரோஸ் குக்கி செய்வதற்கு. என் மாமியார் கரக்பூர் கோல் பஜாரில் வாங்கியது. 1967 இல் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தார்" என்றார்.

அன்னையார் அதனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம் அச்சு முறுக்கு அச்சல்லவா!" என்றார்.

அதுவேதான். அரிசி மாவு, தேங்காய்ப் பால், சர்க்கரை. காயும் எண்ணெயில் அச்சைச் சூடேற்றி, மாவில் முக்கால் பங்கு தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இட்டு உதற, பூ கழன்று மிதக்கிறது. அவர்கள் முட்டை சேர்ப்பார்கள். நாங்கள் எள் சேர்ப்போம். வேறுபாடு அவ்வளவே. அச்சைக் கழுவி, முட்டை சேராத முதல் ஈட்டை அன்னையார் செய்வது என்றும், அதன்பின் அம்மையார் தம் முறைப்படி செய்வது என்றும் ஒப்பந்தமாயிற்று. புதிய அச்சிலே மாவு ஒட்டிக்கொண்டு வராது. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் குடித்துப் பழகிய அச்சே பூவை எளிதாக விட்டுக்கொடுக்கும். ஐம்பத்தேழு ஆண்டுப் பழக்கம் பெற்ற அந்த அச்சு, முதல் தோய்ப்பிலேயே அன்னையார் கைக்கு இணங்கியது. "ஊர் வீட்டுப் பரணில் நம்முடைய அச்சு கிடக்கிறது. துருப்பிடித்திருக்கும்" என்று மெல்லக் கூறினார். அதன்பின் சற்று நேரம் அவர் பேசவில்லை.

நகரின் திருவிழா

மாலையில் அனைவரும் நியூ மார்க்கெட் சென்றோம். 1874 இல் திறக்கப்பட்ட அச்சந்தையில் கால் வைக்க இடமில்லை. அங்கே நாகூம் என்னும் அடுமனை ஒன்று உண்டு. பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தார் 1902 இல் தொடங்கியது. யூதர் தொடங்கிய கடையிலே, கிறிஸ்துவர் பண்டிகைக்கான பழக் கேக்கை வாங்குவதற்கு, இந்துக்களும் முஸ்லிம்களும் தெருக்கோடி வரை வரிசையில் நிற்கிறார்கள். நாங்களும் ஒன்றரை மணி நேரம் நின்றோம். வரிசையில் எங்களுக்கு முன்னே நின்ற வங்காளி முதியவர், ஐம்பது ஆண்டுகளாக இவ்வாறு நின்று வருவதாகவும், இவ்வரிசையில் நில்லாத ஆண்டு தமக்குப் பண்டிகையே ஆகாது என்றும் கூறினார். வங்காளியர் கிறிஸ்துமஸ் என்று சொல்வது குறைவு. 'பொடொ தின்' என்பர். பெரிய நாள் என்பது பொருள். நயமான பெயர். ஆண்டின் குறுகிய பகல் டிசம்பர் 21, 22 அளவில் கழிந்து, இதன் பின்னரே பகல் சிறிது சிறிதாக வளரத் தொடங்குகிறது.

பார்க் தெரு முழுதும் விளக்குத் தோரணங்கள். 2004 இல் அதற்கு அன்னை தெரசா பெயர் சூட்டப்பட்டதாயினும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலவுகிறது. அங்குள்ள ஆலன் பூங்காவில் 2011 முதல் மாநில அரசின் ஆதரவோடு கிறிஸ்துமஸ் விழா நடைபெற்று வருகிறது. காவலர்கள் வாகனங்களை நிறுத்திவிட, மக்கள் வெள்ளம் சாலை நடுவே நகர்ந்தது. சிவப்புக் குல்லாய் அணியாத குழந்தையே இல்லை. எங்கள் மகன் இரண்டு வாங்கி, ஒன்றைப் பாட்டியின் தலையில் வைத்துவிட்டான். அவரும் அதனைக் கழற்றவில்லை. குளிருக்கு இதமாக இருந்தது என்று பிறகு காரணம் கூறினார்.

அங்கிருந்து போ பாரக்ஸ் சென்றோம். முதல் உலகப் போர்க்காலத்தில் படையினருக்கென்று கட்டப்பட்ட செங்கல் கட்டடங்கள் அவை; பின்னர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அங்கு குடியேறின. தெருவில் மேடையிட்டுப் பாட்டும் நடனமும். சன்னல்தோறும் காகித விண்மீன்கள். பெரியவர் அங்கே தம் வயதொத்த சிலரோடு பேச்சுக் கொடுத்தார். கரக்பூர், ஆத்ரா, சக்ரதர்பூர் என்று ரயில்வே ஊர்களின் பெயர்களே அவர்கள் உரையாடலில் மீண்டும் மீண்டும் ஒலித்தன. யாருடைய தந்தை எந்த எஞ்சினை ஓட்டினார் என்பதிலிருந்து உறவு கண்டனர். நம்மவர் இருவர் சந்தித்தால் மாவட்டம், வட்டம், தெரு என்று விசாரித்து உறவு காண்பதில்லையா? அது போன்றதே.

நள்ளிரவு வழிபாட்டுக்குத் தூய பவுல் பேராலயம் சென்றோம். 1847 இல் திருநிலைப்படுத்தப்பட்ட ஆலயம் அது. 1897 நிலநடுக்கத்தில் அதன் கூம்புக் கோபுரம் சேதமுற்றது. 1934 நிலநடுக்கத்தில் மீண்டும் இடிந்தது. அதன்பின், இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்துக் கோபுரத்தைப் பின்பற்றி, இப்போதுள்ள சதுரக் கோபுரத்தை எழுப்பினர். உள்ளே இடமின்றி வெளிப் புல்வெளியில் பனியில் நின்று கேட்டோரே மிகுதி. கூட்டத்தில் பெரும்பாலோர் கிறிஸ்துவரல்லர். எவரும் எவரையும் யார் என்று கேட்கவில்லை. அன்னையார் கைகூப்பியபடியே நின்றார். பெரியவர் பாடலுக்குப் பாடல் உரக்கப் பாடினார். ஓரிடத்தில் குரல் தடைப்பட்டு நின்று, பின்னர் தொடர்ந்தார்.

பண்டிகை விருந்து

கிறிஸ்துமஸ் நண்பகல் விருந்தில் மஞ்சள் நிறத் தேங்காய்ச் சோறும், உருண்டை இறைச்சிக் குழம்பும், வெங்காயமும் மிளகாயும் புளிக்காடியும் சேர்த்தரைத்த துவையலும் இருந்தன. இறைச்சி உண்ணாதவர்க்கென்று உருளைக்கிழங்கும் பட்டாணியும் தனியே சமைத்திருந்தனர். இவற்றோடு ஒரு கிண்ணத்தில் 'பெப்பர் வாட்டர்' வந்தது. அன்னையார் ஒரு வாய் பருகிவிட்டு எங்களைப் பார்த்தார். புளி, மிளகு, சீரகம், பூண்டு. நம் ரசம்! ஆங்கில அகராதிகளில் 'முல்லிகடானி' என்றொரு சூப்பின் பெயர் உண்டு. அது நம் மிளகுத் தண்ணீர் என்னும் சொல்லே. ஆங்கிலேயர் கையில் அது கெட்டியாகி, இறைச்சியும் சேர்ந்து வேறாகிவிட்டது. ஆங்கிலோ இந்தியர் அடுக்களையிலோ தண்ணீர் தண்ணீராகவே நிலைத்திருக்கிறது. தென்னாட்டுச் சமையற்காரர் எவரோ, பெயர் தெரியாத எந்தக் காலத்திலோ, ஓர் அடுக்களையில் கொதிக்க வைத்த ரசம், கடல் கடந்து போய்த் திரும்பி வந்து எங்கள் அன்னையாரின் கிண்ணத்தில் நின்றது. "பெருங்காயம் மட்டும் இல்லை" என்று கூறி, இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

உணவுக்குப் பின் மாடத்தில் அனைவரும் அமர்ந்திருந்தோம். டார்ஜிலிங் ஆரஞ்சுகளை உரித்தபடி பிள்ளைகள் ஒருபுறம் விளையாடிக்கொண்டிருந்தனர். அன்னையார் கரக்பூர்க் கடைவீதி இந்தியிலே பேசினார். பெரியவர் சிறுவயதில் வேலைக்காரர்களிடம் கற்ற இந்தியிலே விடை கூறினார். இடைவெளியை நாங்கள் நிரப்பினோம்.

"தம்பி, உங்கள் வீட்டை இத்தனை ஆண்டு கழித்துப் பார்த்தீர்களே, அப்போது மனத்தில் என்ன தோன்றிற்று?" என்று அன்னையார் கேட்டார். இரண்டாண்டுகளாக நாங்கள் கேட்கத் துணியாத கேள்வி அது.

பெரியவர் உடனே விடை கூறவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: "அம்மா, அது எங்கள் சொந்த வீடன்று. ரயில்வே வீடு. என் தந்தை சாவியை ஒப்படைத்துக் கையெழுத்திட்டுவிட்டே புறப்பட்டார். ஆனாலும் சாகும் வரை 'நம் வீடு' என்றே சொன்னார். நான் உள்ளே போனபோது தொட்டிலில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அடுப்பில் ஏதோ தாளித்தார்கள். என் தாய் விளக்கு மாட்டிய ஆணியில் அவர்கள் நாள்காட்டி மாட்டியிருந்தார்கள். எனக்கு வருத்தம் தோன்றவில்லை. அந்த வீடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பூட்டிக் கிடந்திருந்தால், என்னால் தாங்கியிருக்க முடியாது."

இதனைத் தமிழில் சொல்லி முடித்தபோது அன்னையார் தலையை மட்டும் அசைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து உள்ளே சென்று, எஞ்சியிருந்த அச்சு முறுக்குகளைத் தட்டில் வைத்துக் கொண்டு வந்தார்.

மறுநாள்

மறுநாள் பிள்ளைகளுக்காக அலிப்பூர் விலங்குக் காட்சிசாலை சென்றோம். 1876 இல் திறக்கப்பட்டது. பெரிய நாள் விடுமுறையில் குடும்பத்தோடு இங்கு வந்து, சோற்று மூட்டையை அவிழ்த்து, வெயிலில் காய்வது கொல்கத்தா மக்களின் பழைய வழக்கம். விலங்குகளைப் பார்த்த மக்களைவிட மக்களைப் பார்த்த விலங்குகளே மிகுதி என்று சொல்லத் தோன்றிற்று. குரங்குக் குல்லாய் அணிந்த தந்தைமாரும், நோலன் குர் என்னும் பேரீச்சம் வெல்லம் கலந்த இனிப்புகளும் எங்கும் நிறைந்திருந்தன.

மாலையில் பார்க் தெருப் பழைய கல்லறைத் தோட்டத்தைக் கண்டோம். 1767 இல் தொடங்கப்பட்ட அத்தோட்டத்தில், 1784 இல் ஆசியக் கழகத்தை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ் முதலிய பலர் துயில்கின்றனர். சமாதிக் கற்களில் இருபது, இருபத்திரண்டு என்ற வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தோம். பிறந்த நாடு ஒன்று, பிழைக்க வந்த நாடு ஒன்று, உறங்கும் இடம் ஒன்று. ஆள வந்தவர்க்கும் இதுவே கதி என்றால், எழுத வந்தவர்க்குக் கூறவும் வேண்டுமோ!

தோட்டத்து வாயிலில் வண்டிக்காகக் காத்திருக்கையில் அன்னையார் சொன்னார்: "சித்தப்பாவுக்கு எழுது. நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் யாருக்கு என்பதை நான்தான் சொல்வேன்."

வீட்டை வாங்க இருவர் முன்வந்திருந்தனர். ஒருவர் வணிகர், இடித்துவிட்டுக் கிடங்கு கட்ட நினைத்தவர். மற்றவர் பள்ளி ஆசிரியர். குடும்பத்தோடு குடியிருக்க நினைத்தவர். ஆசிரியர் கேட்ட விலை பத்தில் ஒரு பங்கு குறைவு. எங்களைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. மகளின் மேற்படிப்புக்கென்று அதனைக் கணக்கிட்டே வைத்திருந்தோம். எனினும் ஆசிரியருக்கே என்று அன்னையார் கூறியபோது எங்களில் எவரும் மறுத்துப் பேசவில்லை. சித்தப்பா தொலைபேசியில் நெடுநேரம் வாதாடினார். இறுதியில், "மதினி சொன்னால் சரி" என்று அடங்கினார்.

27 ஆம் நாள் காலை விடைபெற்றோம். பெரியவர் ஆற்றங்கரை வரை உடன் வந்தார். பேத்தியும் எங்கள் மகளும் முகவரிகளை மாற்றிக்கொண்டனர். அன்னையார் கோல மாவு எஞ்சியதை ஒரு தாளில் மடித்துப் பேத்தியின் கையில் கொடுத்தார். முடிவு செய்திருந்தபடியே ஹவுரா பாலத்தை நடந்து கடந்தோம்.

2025 மார்ச்சில் பத்திரம் முடிந்தது. பரணிலிருந்த பொருள்களில் அன்னையார் கேட்டவை மூன்று: பொங்கல் வெண்கலப் பானை, தந்தையாரின் பள்ளிக்கூடத் தகரப் பெட்டி, அச்சு முறுக்கு அச்சு. மூன்றும் ரயில் பார்சலில் வந்து சேர்ந்தன. அச்சு துருவேறித்தான் இருந்தது. புளியிட்டுத் தேய்த்து, ஒரு வாரம் நல்லெண்ணெயில் ஊற வைத்திருக்கிறார். ஆசிரியரின் மனைவியார் வீட்டு வாயிலின் நிழற்படம் ஒன்றை அனுப்பினார். புதிய நிலைக்கதவு, அதன் முன்னே கோலம். அன்னையார் அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, "வலப்பக்கம் ஓர் இழை தப்பியிருக்கிறது, பரவாயில்லை, பழகிவிடும்" என்றார்.

பூர்விக வீட்டை விற்கலாமா கூடாதா என்பது நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் உள்ள வழக்கு. ஒருவர்க்குப் பொருந்தும் தீர்ப்பு மற்றவர்க்குப் பொருந்தாது. ஓய்வு பெற்றபின் திரும்பிச் சென்று வாழ்வோம் என்ற உறுதி உள்ளவர்கள் கூரையைப் பழுது பார்த்துக் காத்து வருவதே முறை. ஆயின், நாமும் வாழாது, பிறரையும் வாழவிடாது பூட்டி வைப்பதனால் ஊர் நம் கையில் இருக்கிறது என்று எண்ணுவது எத்துணை பொருந்தும் என்று சிந்திக்கலாம். எங்கள் நண்பரின் குடும்பம் ஒரு பிடி மண்ணும் சொந்தமின்றிக் கரக்பூரை விட்டுச் சென்றது. அவர்கள் கொண்டு சென்றவை ஓர் இரும்பு அச்சும், ஒரு கிண்ணம் மிளகுத் தண்ணீரின் பக்குவமுமே. ஆயினும் மூன்றாம் தலைமுறைப் பேத்திக்கும் கரக்பூர் என்ற பெயர் அந்நியமாகவில்லை. ஆண்டுதோறும் அந்த அச்சு எண்ணெயில் இறங்கும்போது அப்பெயர் வீட்டிலே பேசப்படுகிறது.

வருகிற தைப்பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் வெண்கலப் பானை ஏறும். பழைய நிழற்படத்தில் உள்ள வீட்டில் இப்போது வாழும் தெலுங்குக் குடும்பத்தாரையும் அழைத்திருக்கிறோம்.